அறிக்கையில் வந்த பேக்கரி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஒப்பனைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளோ முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவள். அந்தப் பட்டம் வேலையால் வந்தது. போர்க்காலத்தில் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வருகிறவர்களின் வாக்குமூலங்களைச் சட்ட ஆய்வு அறிக்கையில் சேர்க்கும்போது, சொன்னது யாரென்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாதபடி ஆளை மாற்றி எழுதுவது அவள் பொறுப்பு. தச்சர் அவள் கையில் கொல்லராவார். பள்ளிக்கூட வாசல் தபால் நிலைய வாசலாகும். நடந்தது மட்டும் இம்மியும் மாறக்கூடாது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். வெயில் ஏறினால் ரப்பர் வாடையும் சேர்ந்து மாடிக்கு ஏறும். ஓர் அறையில் வக்கீலம்மாவும் அவருடைய சட்டப் புத்தகங்களும். இன்னொன்றில் ஒப்பனைக்காரியும் பூட்டிய இரும்பு அலமாரிகளும். அங்கேதான் அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தை அவள் எழுதினாள். போர் ஓய்ந்து இத்தனை காலமாகியும், எதிர்த்தரப்பு ஆளுக்கு இடம் கொடுத்தால் சிறை என்ற போர்க்காலச் சட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. அதை எடுத்தால்தான் இரண்டு தரப்பும் ஒரே தெருவில் பயமில்லாமல் குடியிருக்க முடியும் என்று அந்த அத்தியாயம் வாதாடியது. வாதத்தின் முதுகெலும்பு ஒரு பேக்கரிக்காரி.

துரத்தப்பட்டு ஓடிவந்த எதிர்த்தரப்புப் பெண் ஒருத்தியை அடுப்பறைக்குள் ஒளித்துவைத்தாள் அந்தப் பேக்கரிக்காரி. தேடி வந்த சிப்பாயிடம், "இப்போ கதவைத் திறந்தா ரொட்டியெல்லாம் அமுங்கிடும்" என்றாள். சிப்பாய் அதை நம்பி, "எனக்கும் ஒண்ணு எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனான். படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் சிரித்தார்கள். சட்டமன்றக் குழு உறுப்பினர் ஒருவரும் வரைவைப் படித்துவிட்டுச் சிரித்ததாகக் கேள்வி.

அறிக்கையின் வரைவை மக்கள் கருத்துக்காக நூலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வைத்திருந்தார்கள். கருத்து என்று வந்ததெல்லாம் தாள் மெல்லிசாக இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது என்ற ரகம்தான். ஒரு நாள் காலை ஷிப்ட் முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு நர்ஸ் படியேறி வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் வரைவை மேசைமேல் போட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"பேக்கரின்னு போட்டிருக்கீங்க. எந்தப் பேக்கரி? அது போட்டோ ஸ்டூடியோ!"

நர்ஸ் சொன்னது சரி. அது போட்டோ ஸ்டூடியோதான்.

"ஓடிவந்த பொண்ணுக்கு ஒத்தைச் செருப்புதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது நான். ஒண்ணு சாக்கடையில விழுந்து போச்சு. அந்த அக்கா என்னை இருட்டறையில தள்ளிட்டு, அவங்க காலில கிடந்ததைக் கழட்டி எனக்குக் குடுத்தாங்க. வெளியே அந்த மரமண்டை வந்து கதவைத் தட்டுறான். 'படம் கழுவிக்கிட்டிருக்கேன், வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்'னு சொன்னாங்க. 'என் படமும் உள்ளேதானே இருக்கு, பத்திரம்'னு சொல்லிட்டுப் போனான். ரொட்டியாம் ரொட்டி!"

ஒப்பனைக்காரி செய்த தப்பு அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஸ்டூடியோவை மாற்றினாள், படத்தை மாற்றினாள், தெருவை மாற்றினாள். செருப்பை மாற்ற மறந்துவிட்டாள்.

"நான் மறுநாளே கிளம்பிட்டேன். அடுத்த வாரம் அந்தத் தெருவே தரைமட்டம்னு கேள்விப்பட்டேன்," என்றார் நர்ஸ். குரல் இறங்கிவிட்டது. "எங்கெல்லாமோ தேடினேன். ஸ்டூடியோ இருந்த இடத்துல ஒரு செங்கல்கூட இல்ல. என் பிள்ளைங்க ரெண்டும் அந்த அக்கா போட்ட பிச்சை. செத்துப் போனவளோட புண்ணியத்தைத் தூக்கி எவளோ ஒரு பேக்கரிக்காரிக்குக் குடுத்திருக்கீங்களே, இது நியாயமா?"

அந்த அக்கா சாகவில்லை. நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கிருந்து இறங்கி நடந்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஒப்பனைக்காரிக்குச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் வெளியே குதித்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பேச மாட்டீங்களா? சரி. குழுவுக்குப் போறதுக்குள்ள திருத்துங்க. இல்லேன்னா பத்திரிகைக்காரங்ககிட்டப் போய், இந்த அறிக்கை பொய்னு நானே சொல்வேன்."

படியில் நர்ஸின் காலடி தேய்ந்து மறைந்ததும் அவள் வக்கீலம்மாவின் அறைக்குப் போனாள்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழன்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"விவரங்களை மாத்தியிருக்கோம்னு முன்னுரையில போட்டிருக்கோமே?"

"முன்னுரையை யார் மேடம் படிக்கிறாங்க?"

"அதுவும் சரிதான். இப்போ போய், ஸ்டூடியோவைத்தான் மாத்தி எழுதினோம்னு சொன்னோம்னா, 'அப்போ அது அவங்கதான், உயிரோட இருக்காங்க'ன்னு அந்தம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுடும். சாட்சியோட சம்மதமில்லாம அது நடக்கக் கூடாது. சட்டம் இன்னும் இருக்கு. நாளைக்கே எவனாவது புகார் குடுத்தா ஸ்டூடியோ அம்மா உள்ளே போகணும்."

"அவங்களையே போய்க் கேட்டா?"

"வாக்குமூலம் வாங்கின அன்னிக்கு, மறுபடி வரலாமான்னு கேட்டியா? என்ன சொன்னாங்க?"

ஒப்பனைக்காரிக்கு அது அப்படியே நினைவிருந்தது. "'இந்தப் பேச்சுக்கு மறுபடி வராதே. படம் எடுக்கணும்னா வா, கடை எல்லாருக்கும் பொது'ன்னாங்க."

வக்கீலம்மா அந்த வாக்கியத்தை ஒரு சட்டப்பிரிவைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்த்தார். முதல் பாதி தடை. இரண்டாம் பாதி அனுமதி. படம் எடுக்கப் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

"போய்ப் படம் எடு," என்றார் கடைசியில். "நிஜமாவே எடுக்கணும். சும்மா போய் நின்னா அது ஏமாத்து வேலை. ஒரு கேள்விதான். வேண்டாம்னு சொன்னா எழுந்து வந்துடு."

படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், அம்மா துள்ளிவிட்டாள். "கடவுளே, இன்னிக்காவது இதுக்குப் புத்தி வந்துச்சே! டேய், தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போறாடா!"

பஸ் ஓட்டும் அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு மாப்பிள்ளை? அதையும் ரகசியம்னு சொல்லிடுவா. தாலி கட்டுற நேரத்துல அவன் பேரையும் மாத்திடுவா பாரு."

"அம்மா, ஆபீஸ் வேலைம்மா."

"ஆபீஸுக்கு எதுக்குடி நீலப் புடவை?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அந்தப் புடவையை எடுத்து வைத்தாள். மறுத்துப் பேச முடியாமல் அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஸ்டூடியோ கவுன்ட்டரில் ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அவருக்கு இடது கால் முழங்காலோடு சரி. "வாங்க வாங்க. பாஸ்போர்ட்டா, விசாவா, மாப்பிள்ளை வீட்டுக்கா?" என்று சிரித்தார். அவள் தடுமாறியதைப் பார்த்து, "புடவையைப் பார்த்தாலே தெரியுது. அக்கா! கல்யாணப் போட்டோ ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஸ்டூடியோ அக்கா அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் உள்ளே கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டார். ஸ்டூலில் உட்காரவைத்து, முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, குடை விளக்கைப் போட்டார்.

"படம் எடுக்கத்தானே வந்தே?"

"ஆமாக்கா. ஒரே ஒரு கேள்வியும் இருக்கு."

"தோளை இறக்கு. கேள்."

"ஒருத்தங்க உங்களைத் தேடுறாங்க. நீங்க இறந்துட்டதா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு மட்டும் நான் சொல்லலாமா?"

கேமராவின் மேலிருந்த கை அப்படியே நின்றது. "அந்தப் பொண்ணா? உசுரோட இருக்காளா? நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு திரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போதும். எனக்கு இது போதும்மா. ஆனா அவ இங்க வர வேண்டாம். அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணைச் சொல்லல. கதவைத் தட்டின சிப்பாய் வேற யாருமில்ல, வெளியே உட்கார்ந்திருக்கானே, என் தம்பிதான். நான் சொன்ன பொய்யை நம்பிட்டுப் போனான். தெருவைச் சரியாத் தேடலைன்னு மேலதிகாரி அவனைத் தண்டனையா முன்வரிசைக்கு அனுப்பினான். அங்கதான் கால் போச்சு. என் பொய்யாலதான் அவனுக்குக் கால் இல்ல. அது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவனுக்குச் சோறு போடுவேன்?"

ஒப்பனைக்காரி திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போ சிரி," என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் பயந்துடப் போறான்."

திரும்பி வந்து வக்கீலம்மாவிடம், "வேண்டாம்னுட்டாங்க" என்றாள். இருவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பேக்கரியை வைத்தால் நர்ஸ் பத்திரிகைக்குப் போவார். ஒரு சாட்சி பொய் என்று பேச்சுக் கிளம்பினால் மற்ற சாட்சிகளையும் குழு குப்பையில் போட்டுவிடும். பேக்கரியை எடுத்துவிட்டால் அத்தியாயம் நடக்கும், ஆனால் நொண்டிக்கொண்டு நடக்கும். எடுத்துவிடுவது என்றுதான் முடிவாயிற்று. வாக்குமூலத்தை நீக்குவதென்றால் தந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் நீக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. படத்தை வாங்கப் போகும்போது சொல்லிவிட்டு வருவதென்று அவள் கிளம்பினாள்.

போகிற வழியெல்லாம் அவளுக்கு மனசு ஆறவில்லை. நன்றி சொல்லக் காத்திருக்கும் ஒருத்தி அந்தப் பக்கம். அவள் நன்றாயிருக்கிறாள் என்று கேட்டதற்கே கண் கலங்கிய ஒருத்தி இந்தப் பக்கம். நடுவில் தான் ஒரு பூட்டுபோலத் தொங்குகிறோமே என்று இருந்தது.

கவுன்ட்டரில் தம்பி படத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "நல்லா வந்திருக்கு. மாப்பிள்ளை குடுத்து வெச்சவன்," என்றார். பிறகு உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீ அந்த டயர் கடை மேல இருக்கிற ஆபீஸ் பொண்ணுதானே?" என்றார்.

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"பயப்படாதேம்மா. நான் நாள் பூரா இங்க உட்கார்ந்து கிடைச்சதையெல்லாம் படிக்கிறவன். உங்க வரைவையும் நூலகத்துல படிச்சேன். அதுல கருத்து சொல்லுங்கன்னு போட்டிருந்துச்சே, சொல்லலாமா?"

"சொல்லுங்கண்ணா."

"அந்தப் பேக்கரிக்காரி கதை. ரொட்டி அமுங்கிடும்னு சொன்னாளாம், சிப்பாய் நம்பிட்டானாம். எல்லாரும் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்க." அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தச் சிப்பாய் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லைன்னு ஒரு வரி சேர்க்க முடியுமா?"

சாட்சியைப் பற்றி இப்போது ஒரு சொல்கூடத் தன் வாயிலிருந்து வரக்கூடாது. "எதனால அப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏன்னா அப்போ ஊர்ல மாவே கிடையாது. முற்றுகை. ஒரு பேக்கரியிலயும் ஒரு பிடி மாவு இல்ல. அந்தச் சிப்பாய்தான் முந்தின வாரம் பூரா, அந்தப் பேக்கரிக்காரிக்கு ஒரு பொட்டலமாவது கிடைக்குமான்னு கடை கடையா அலைஞ்சான். கிடைக்கல. வெறுங்கையோட வந்து சொன்னதும் அவன்தான். அப்புறம் ஒரு நாள் போய்க் கதவைத் தட்டினா, உள்ள ரொட்டி வேகுதுன்னு சொல்றா. மாவில்லாம என்ன ரொட்டி?"

ஒப்பனைக்காரிக்குப் புரிந்தது. அவர் மாவு என்றது படம் கழுவும் மருந்தை. முற்றுகையில் மருந்து ஏது?

"அவளுக்குப் பொய் சொல்லவும் வராது," என்று தொடர்ந்தார் தம்பி. "சின்ன வயசிலிருந்தே வராது. பொய் சொல்லும்போது காதைத் தொடுவா. அன்னிக்குக் காதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, காலில செருப்பும் இல்ல. உள்ள யாரோ இருக்காங்கன்னு ஒரு குருடனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். பின்னாடி ரெண்டு பேர் துப்பாக்கியோட வர்றாங்க. அவங்க காதுல விழட்டும்னுதான் அந்தச் சிப்பாய் சத்தமா, எனக்கும் ஒண்ணு எடுத்து வைன்னான்."

திரை விலகியிருந்தது. அக்கா கேமராவைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலேதான் மிச்சத்தையும் சொன்னார். "அதுக்கு அவனுக்கு என்ன விலைன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனான். இதையும் எழுதிக்கோ. அந்தப் பேக்கரிக்காரி இத்தனை வருஷமா அவன் தட்டுல ஒரு கரண்டி கூடவே போடுறா, எதுக்குன்னு அவனுக்குத் தெரியும். அவனும் வாயைத் திறக்கல. திறந்திருந்தா அவ ராத்திரியெல்லாம் நிம்மதியாத் தூங்கியிருப்பா. அந்த விஷயத்துல மட்டும் அவன் முட்டாள்தான்."

"டேய்," என்றார் அக்கா. வந்து, தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"ஏய், கேமரா! கேமரா விழுந்துடப் போகுது!" என்று கத்தினார் தம்பி.

ஒப்பனைக்காரி சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படியொரு நேரத்தில் இந்த அறையில் நிற்கக் கிடைத்ததே பெரிது என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்கு நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அக்கா நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரமாக இருந்தது. "அவளை வரச் சொல்லும்மா," என்றார். "படத்துக்கு இல்ல, பேச்சுக்கே வரச் சொல்லு."

மறுநாள் நர்ஸை அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் எதுவும் சொல்லவில்லை. ஒருவரைப் பார்க்கப் போகிறோம், அவரே சம்மதித்திருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தாள். "பேக்கரிக்காரியா? நல்லாக் கேட்கிறேன் நாலு கேள்வி," என்று நர்ஸ் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. உள்ளேயிருந்து அக்கா எழுந்து வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அக்காதான் முதலில் ஓடிவந்து நர்ஸைக் கட்டிக்கொண்டார்.

"அக்கா, நீங்க… நான் உங்களுக்கு வருஷா வருஷம் விளக்கேத்தினேனே!"

"ஏத்தினா என்ன, அதுவும் எனக்குத்தானே வந்து சேர்ந்துச்சு. உள்ள வா. முகம் கழுவு. எப்படி இளைச்சிருக்கே!"

சம்மதம் சந்திப்புக்குத்தான், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு இல்லை என்று ஒப்பனைக்காரி வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தம்பியும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ள ரெண்டும் மாறி மாறி அழுதுங்க. விளக்கெல்லாம் வீணா எரியுது," என்றார்.

நர்ஸ் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் எதிரே வந்து நின்று, எழ முயன்றவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"உங்களை மரமண்டைன்னு திட்டியிருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, இத்தனை வருஷமா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"அப்போ கணக்குத் தீர நாளாகும்மா," என்றார் தம்பி. "அடிக்கடி வந்து போங்க."

நர்ஸ் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாயிற்று. அதற்குள் அக்கா உள்ளிருந்து, பிள்ளைகளை எப்போது கூட்டிக்கொண்டு வருவாய், குடும்பத்தோடு ஒரு பெரிய படம் எடுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். நர்ஸ் ஒப்பனைக்காரியின் பக்கம் திரும்பி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அது பேக்கரியாவே இருக்கட்டும்மா. என்ன வேணும்னாலும் வெச்சுக்கோ. இவங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு தூசி விழக் கூடாது."

அன்று மாலை தம்பி டயர் கடைப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி மேலே வந்தார். கைகொடுக்கப் போனவளைத் தடுத்துவிட்டார். ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, இந்த முறை மாவையும் ரொட்டியையும் விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காமல் போன சிப்பாய்க்கும் அந்தப் போர்க்காலச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அதை இதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. வக்கீலம்மாவும்தான்.

அவர் போன பிறகு ஒப்பனைக்காரி ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தாள். கதவைத் திறந்து இடம் கொடுத்தவரை மட்டும் காத்தால் போதாது, மூடிய கதவுக்கு வெளியே நின்று தெரிந்தே திரும்பிப் போனவரையும் புதிய சட்டம் காக்க வேண்டும், ஒரு உயிர் பிழைக்க இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள் என்று எழுதினாள். வக்கீலம்மா அதை இரண்டு தடவை படித்தார். எப்போதும் சிவப்புப் பேனாவோடு படிக்கிறவர், பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் உன்னாலதான் நல்லா இருக்காங்க" என்றார்.

"இல்ல மேடம்," என்றாள் அவள். "அவங்களாலதான் நம்ம சட்டம் நல்லா வந்திருக்கு."